ஒரு சோறு பதம்: தேயிலைக் கொழுந்தின் செம்பு மையமும் சோதனைத் தாக்கங்களும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது அடுக்களையிற் பிறந்து வழக்கில் நிலைத்த பழமொழி. பானையிலுள்ள பருக்கைகள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தல் இயலாது. பார்க்க வேண்டுவதும் இல்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலிடை நசுக்கினால் அது ஏனையவற்றுக்கும் சான்று கூறும். கண்ணாற் காண இயலாத பொருள்களை ஆராயும் இரசாயனவியலாரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். ஓர் ஊக்கியிலுள்ள அணுக்களுள் உண்மையில் வேலை செய்வன எத்தனை, அவை எத்தன்மையன என்பவற்றை அறிய விரும்புவோர், இயல்பு நன்கு தெரிந்த ஒரு தாக்கத்தை அதன்பால் நிகழ்த்தி, நிகழும் வேகத்தையும் விளையும் பொருளையும் நோக்குகின்றனர். அதுவே சோதனைத் தாக்கம் எனப்படும்.

ஆயினும், நசுங்கிய பருக்கை சோறு வெந்ததைக் கூறுமேயன்றி, உலையில் உப்பிட்டதுண்டா என்பதைக் கூறாது. கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை கிடைக்கும். கேளாத கேள்விக்கும் அவ்விடையே போதும் எனக் கொள்வது பிழை. இப்பிழையால் நேரும் இழப்பு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று. லுணுகலை, பசறை, மடுல்சீமை முதலிய ஊவா மலைச்சாரல்களில் வளரும் தேயிலை இதற்குத் தக்க சான்றாகும்.

உயிர்ப்பு மையம் என்னும் கொள்கை

தான் முடிவில் மாறுபடாது நின்று, ஒரு தாக்கத்தின் வேகத்தை மிகுவிக்கும் பொருளே ஊக்கி. இச்செயலுக்கு 1835ஆம் ஆண்டளவிற் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியசு. எண்ணெயை ஐதரசனோடு சேர்த்துக் கொழுப்பாக்கும் நிக்கலும், காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்க உதவும் இரும்பும் உலோக ஊக்கிகளுட் பலரும் அறிந்தவை.

இவ்வுலோகங்களின் மேற்பரப்பு முழுதும் ஒரு சீராக வேலை செய்கின்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்சுதன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இயூ தெயிலர் இதனை மறுத்தார். மேற்பரப்பிலுள்ள அணுக்கள் யாவும் ஒரு நிலையின அல்ல. விளிம்பிலும் மூலையிலும் நிற்கும் அணுக்கள், சமதளத்தின் நடுவில் நெருங்கி நிற்பவற்றினும் தளர்ந்த பிணைப்புடையன. தாக்கம் நிகழ்வது அத்தகைய சில இடங்களிலேயே என்று அவர் கூறினார். அவ்விடங்களே உயிர்ப்பு மையங்கள்.

கண்ணுக்குத் தெரியாத அம்மையங்கள் உண்டென்பதற்குச் சான்று யாது? அதே ஆண்டில் பீசு, சுதுவேட் என்னும் இருவர் செய்த சோதனையைச் சான்றாகக் காட்டலாம். செம்புத்தூளின் முன்னிலையில் எதிலீனும் ஐதரசனும் சேர்ந்து எதேன் ஆகும். அச்செம்பின்மீது மிகச் சிறிதளவு காபனோரொட்சைட்டு வாயுவைச் செலுத்திய அளவில் தாக்கத்தின் வேகம் பெரிதும் குன்றியது. செலுத்திய வாயுவோ செம்பின் மேற்பரப்பு முழுவதையும் மூடுவதற்குச் சிறிதும் போதாதது. எனவே, அவ்வாயு எல்லா இடத்தையும் பற்றவில்லை. வேலை செய்யும் சில இடங்களையே தேடிப் பற்றியது என்பது பெறப்பட்டது. நூறு பேர் நிற்கும் மன்றில் ஐவர் மட்டும் வெளியேற, நடந்துகொண்டிருந்த வேலை நின்றுபோமாயின், வேலை செய்தவர் அவ்வைவரே என்று கொள்வது போன்றது இது. இங்கே நச்சு வாயு எண்ணுங் கருவியாகப் பயன்பட்டது.

எத்தாக்கத்தைத் தேர்வது?

உயிர்ப்பு மையம் உண்டு என்பது நிறுவப்பட்டபின், அதன் இயல்பை அறியும் வழி தேடப்பட்டது. மிசேல் பூடார் என்னும் அறிஞர் 1960களில் ஒரு முக்கிய வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். சில தாக்கங்கள் உலோகத்துணிக்கை பெரிதாயினும் சிறிதாயினும், அணுக்கள் எவ்வாறு அமைந்திருப்பினும், வெளிப்பட்டு நிற்கும் ஓர் அணுவுக்கு ஏறத்தாழ ஒரே வேகத்தில் நிகழ்கின்றன. எதிலீன் போன்றவற்றோடு ஐதரசன் சேர்வது இவ்வகையது. வேறு சில தாக்கங்களோ அணுக்களின் அமைப்பைப் பொறுத்துப் பன்மடங்கு வேறுபடும். இரும்பின்மேல் அமோனியா உண்டாதல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரே இரும்புப் பளிங்கின் வெவ்வேறு முகங்கள் நூற்றுக்கணக்கான மடங்கு வேகவேறுபாடு காட்டுகின்றன.

ஆகவே முதல் வகைத் தாக்கம் "மையங்கள் எத்தனை?" என்னும் வினாவுக்கும், இரண்டாம் வகைத் தாக்கம் "மையங்கள் எத்தன்மையன?" என்னும் வினாவுக்கும் விடை கூறும். ஒன்றுக்குரிய விடையை மற்றதற்குரியதாகக் கொள்வோர் மயங்குவர். மேலும், மொத்த வேகத்தை மட்டும் அளந்தாற் போதாது. அதனை மையங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு மையம் ஒரு செக்கனில் எத்தனை மூலக்கூறுகளை மாற்றுகின்றது என்று கணித்தல் வேண்டும். பத்துப் பேர் சோம்பி இருந்து செய்த வேலையும் இருவர் முயன்று செய்த வேலையும் மொத்தத்தில் ஒன்றாகத் தோன்றலாமன்றோ?

கொழுந்தினுள் ஓர் உலோக ஊக்கி

உலோக ஊக்கி என்றதும் மேனாட்டுப் பெருந்தொழிற்சாலைகளின் இரும்புக் கலன்களே பலர்க்கும் நினைவில் எழும். ஆயின் பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் வீதியில், லுணுகலையை அண்டிய மலைகளிற் பறிக்கப்படும் ஒவ்வொரு கொழுந்தினுள்ளும் ஓர் உலோக ஊக்கி அடங்கியுள்ளது. தேயிலைத் தொழிற்சாலையில் நிகழ்வதெல்லாம் அவ்வூக்கியைத் தட்டியெழுப்புதலும், உரிய நேரம் வேலை செய்ய விடுதலும், பின்னர் அதனை அழித்தலுமே.

மடுவத்தில் நிறுத்துத் தொழிற்சாலைக்கு ஏற்றப்படும் பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீராகும். அதனை வாட்டி ஈரத்தைக் குறைத்தபின், உருளை இயந்திரத்திலிட்டு அரைப்பர். இலையின் கலங்கள் அப்பொழுது உடைகின்றன. அதுகாறும் கலத்தின் புன்வெற்றிடத்தில் அடைபட்டிருந்த பல்பீனோல்கள், வேறிடத்திலிருந்த நொதியத்தோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் கலக்கின்றன. பச்சை நிறம் மாறிச் செப்பு நிறம் தோன்றுகின்றது. இதனையே தொழிலிற் புளித்தல் அல்லது நொதித்தல் என்பர். கள் புளிப்பதும் மா புளிப்பதும் நுண்ணுயிர்களின் வேலை. தேயிலையில் நிகழ்வது அதுவன்று. இது நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றமே. இறுதியாகச் சூட்டடுப்பிற் காய்ச்சும்போது நொதியம் அழிந்து தாக்கம் நிற்கின்றது. அரைக்குமுன்னரே ஆவியில் அவித்து நொதியத்தை அழித்துவிட்டாற் கிடைப்பது பச்சைத் தேயிலை.

கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 முதல் 30 வரை பல்பீனோல்கள் உள. அவற்றுட் பெரும்பாலன கற்றெக்கின்கள் எனப்படும். இவற்றின் வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஐதரொட்சில் தொகுதிகளை நொதியம் பற்றி ஐதரசனை நீக்க, குயினோன் உண்டாகின்றது. இருவகைக் கற்றெக்கின்களின் குயினோன்கள் தம்முட் கூடித் தியாபிளேவின்கள் என்னும் பொன்னிறப் பொருள்களைத் தருகின்றன. அவை மேலும் மாறித் தியாரூபிசின்கள் என்னும் செங்கபிலப் பொருள்களாகின்றன. கோப்பையில் ஊற்றிய சாயத்தின் ஒளியும் நாவிற் படும் விறுவிறுப்பும் முன்னையவற்றைச் சார்ந்தன. நிறத்தின் ஆழம் பின்னையவற்றைச் சார்ந்தது. உலர்ந்த தேயிலையில் தியாபிளேவின்கள் பெரும்பாலும் நூற்றுக்கு 1 அல்லது 2 என்ற அளவினவே. அவ்வளவு சிறியதொரு பங்கே கொழும்பு ஏலத்தில் விலையை ஏற்றவும் இறக்கவும் வல்லது.

இரும்பா, செம்பா?

இந்நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் நிற்கும் உலோகம் எது என்பது 1930களின் இறுதியிற் பெரிதும் ஆராயப்பட்டது. அசாமிலுள்ள தொக்லாய் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த ரொபேட்சு 1939இல் பெரொட்சிடேசு என்னும் நொதியத்தின் பங்கை ஆராய்ந்து எழுதினார். பெரொட்சிடேசு இரும்பைக் கொண்டது. இலங்கையில் 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும் இப்பொருள் பற்றி ஆய்வு நிகழ்ந்தது. லாம், சிறீரங்காச்சார் என்னும் இருவர் இலங்கைத் தேயிலையின் ஒட்சியேற்ற நொதியம் பற்றி 1940இற் கட்டுரை வெளியிட்டனர். சிறீரங்காச்சார் 1943இல் வெளியிட்ட தொடர்கட்டுரைகள் செம்பு நொதியம் என்னும் கருத்துக்கு வலுவூட்டின.

உலோகத்தைக் கண்ணாற் காணாது இம்முடிவை எட்டிய நெறி கற்கத்தக்கது. ஒவ்வொரு சோதனையும் ஒரு வினா; அதன் ஆற்றலும் எல்லையும் தனித்தனியே நோக்கத்தக்கன.

முதலாவது, கொதிநீரில் இட்ட கொழுந்து அரைத்தபின்னும் சிவப்பதில்லை. கொதிக்க வைத்தமையால் அதன் உலோகங்கள் அழிந்துபோவதில்லை. அழிவது புரதத்தின் அமைப்பு. ஆகவே உலோகம் இருத்தல் மட்டும் போதாது, அது புரதத்தில் உரிய இடத்தில் உரிய பிடியில் நிற்றல் வேண்டும் என்பது தெளிவு. தெயிலர் உலோகத்தின் மேற்பரப்பைப் பற்றிக் கூறியதும் ஏறத்தாழ இதுவே.

இரண்டாவது, சயனைட்டு சேர்த்தால் ஒட்சியேற்றம் தடைப்படும். ஆயின் சயனைட்டு இரும்பையும் பற்றும், செம்பையும் பற்றும். மையத்தில் ஓர் உலோகம் உண்டு என்பதற்கு இது சான்றாகலாம். எவ்வுலோகம் என்பதற்கு ஆகாது. இச்சோதனையொன்றையே கொண்டு முடிவு கட்டுவோர் இரும்பென்றும் கூறலாம், செம்பென்றும் கூறலாம்.

மூன்றாவது, பெரொட்சிடேசு வேலை செய்ய ஐதரசன் பேரொட்சைட்டு வேண்டும். செம்பு நொதியத்துக்குக் காற்றிலுள்ள ஒட்சிசனே போதும். பேரொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேசு என்னும் நொதியத்தைச் சேர்த்தபின்னும் ஒட்சியேற்றம் தொடருமாயின், அது பெரொட்சிடேசின் முதன்மையான வேலை அன்று எனலாம்.

நான்காவது, காபனோரொட்சைட்டுச் சோதனை. செம்புத்தூளின் மையங்களைக் காட்டிய அவ்வாயுவே இங்கும் உதவுகின்றது. சுவாசத்துக்குரிய இரும்பு நொதியத்தை அவ்வாயு பற்றித் தடுக்கும்போது, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால் பிடி தளர்ந்து நொதியம் மீண்டும் வேலை செய்யும். இதனை 1920களில் வார்பேக்கு கண்டறிந்தார். செம்பு நொதியத்தைப் பற்றிய வாயுவோ ஒளியால் இவ்வாறு விடுவதில்லை. இருளில் ஒருமுறையும் ஒளியில் ஒருமுறையும் ஒரே சோதனையைச் செய்வதால், சயனைட்டால் விடுக்க இயலாத ஐயம் விடுபடுகின்றது.

ஐந்தாவது, செம்பை இறுகப் பற்றும் கந்தகச் சேர்வைகளைச் சேர்த்து நொதியத்தை ஓயச் செய்தலும், செம்பை முற்றாக நீக்கிப் பின்னர் மீளச் சேர்த்து உயிர்ப்பு மீள்கின்றதா என நோக்குதலும் ஆம். உருளைக்கிழங்கின் ஒத்த நொதியத்தில் இதனைக் கூபோவித்சு என்னும் செருமானிய ஆய்வாளர் 1930களின் பிற்பகுதியிற் செய்து காட்டினார். நீக்கினால் நிற்றலும் சேர்த்தால் மீளலும் ஒருங்கு காணப்படுமாயின், அதனினும் உறுதியான சான்று வேறு இல்லை.

இவ்வகைச் சான்று ஆய்வுகூடத்துக்கு வெளியே இயற்கையிலும் கிடைத்தது. ஆபிரிக்காவில் நியாசாலாந்து என அக்காலம் வழங்கிய மலாவி நாட்டின் சில தோட்டங்களிற் கொழுந்து சரியாகப் புளியாதிருந்தது. மண்ணிற் செம்பு குறைந்தமையே காரணம் எனக் கண்டு, செடிகளுக்குச் செம்புக் கரைசல் தெளித்தபின் கொழுந்து புளிக்கும் இயல்பைப் பெற்றது. தேயிலையிற் செம்பின் இடம் பற்றி 1957இற் கட்டுரை எழுதிய ரெசினோல்டு சைல்டு, முன்னர் இலங்கைத் தெங்கு ஆராய்ச்சியில் தொண்டாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

கலிபோணியாவில் லீ, பொனர் என்போர் 1947இல் தேயிலை நொதியத்தின் இடத்தையும் இயல்பையும் ஆராய்ந்து அது செம்பு நொதியமே எனக் கண்டனர். ஆயினும் நொதியத்தைக் கலப்பின்றிப் பிரித்தெடுத்தல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. இலையை அரைத்தவுடன் பல்பீனோல்கள் புரதத்தைப் பற்றி வீழ்படிவாக்கிவிடும். நொதியம் சக்கையோடு ஒட்டிக்கொள்ளும். சாற்றில் உயிர்ப்பு இல்லை எனக் கண்டவர் இலையிலேயே நொதியம் குறைவு என எண்ணிவிட இடமிருந்தது. சோதிக்கும் செயலே சோதிக்கப்படும் பொருளை மாற்றிவிடும் என்பதற்கு இது நல்ல பாடம். பல்பீனோல்களைத் தன்பாற் பற்றி வைத்துக்கொள்ளும் கரையாத பல்பகுதியங்களைச் சேர்த்து அரைக்கும் முறை வந்த பின்னரே இவ்விடர் பெரிதும் நீங்கியது.

எண்ணிக் கண்டதும் பார்த்துக் கண்டதும்

கூபோவித்சின் ஆய்வில் மற்றொரு நுட்பமும் உண்டு. நொதியத்திலுள்ள செம்பணுக்களையும் அது பற்றிய காபனோரொட்சைட்டு மூலக்கூறுகளையும் ஒப்பிட்டபோது, இரண்டு செம்பணுக்களுக்கு ஒரு மூலக்கூறு என்னும் விகிதம் கிடைத்தது. செம்பணுக்கள் தனித்தனியே நில்லாது இணையிணையாக நின்று வேலை செய்கின்றன என்பதற்கு அது குறிப்பாயிற்று. ஏறத்தாழ 60 ஆண்டுகளின் பின், 1998இல், வற்றாளங்கிழங்கிலிருந்து பெற்ற இதே குடும்பத்து நொதியத்தின் பளிங்கமைப்பு எக்சுக் கதிர்களால் அறியப்பட்டது. ஒவ்வொரு மையத்திலும் இரண்டு செம்பணுக்கள் அருகருகே நின்றன. ஒவ்வோர் அணுவையும் புரதத்தின் மூன்று இசுற்றிடீன் அலகுகள் தாங்கின. வாயுவை அளந்து எண்ணியவர் கூறிய இணையைக் கதிர் கொண்டு பார்த்தவர் கண்டனர். தக்க வினாவைத் தேர்ந்து கேட்டமையால், காணுங் கருவி தோன்றுமுன்னரே உண்மை ஓரளவு வெளிப்பட்டது.

குளோரோபோம் கூறுவது

இனி, இவ்வறிவு தோட்டத்துக்கு வந்த வழி நோக்கத்தக்கது. முற்காலத்துத் தேயிலை மலைகள் விதையிலிருந்து எழுந்தவை. விதைத் தேயிலையில் ஒரு செடி போல் மற்றொரு செடி இராது. பின்னர், சிறந்த தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்து, அதன் தண்டுத்துண்டுகளைத் தோட்டத்தார் தவறணை என வழங்கும் நாற்றுமேடையில் வளர்த்து, அச்செடியின் இயல்பே கொண்ட ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பெறும் முறை பரவிற்று. வி.பி. தேயிலை என்று தோட்டங்களில் வழங்குவது இதுவே.

இம்முறையில் தெரிவே முதன்மையானது. விதைத் தேயிலையில் ஒரு செடி குறையுடையதாயினும் அயற்செடி ஈடுசெய்யும். ஒரு தாயின் கன்றுகளால் நிறைந்த மலையில் தாய்ச்செடியின் குறை மலை முழுவதன் குறையாகும். தேயிலைச் செடி அரை நூற்றாண்டுக்கு மேலும் நிலத்தில் நின்று பயன் தருவது. அத்தெரிவு பிழைத்தால் அதன் விளைவை நட்டவர் மட்டுமன்றி அவர்தம் மக்களும் கொழுந்து பறித்தே அறிவர். ஒரு தோட்டத்தின் தேயிலை ஏலத்தில் தொடர்ந்து தாழ்ந்த விலை பெறுமாயின், அதன் சுமை இறுதியில் வந்து சேர்வது லயங்களில் வாழ்வோர்மேலாகும்.

ஒவ்வொரு தாய்ச்செடியின் கொழுந்தையும் தனித்தனியே தேயிலையாக்கிச் சுவைத்துப் பார்ப்பதற்கு நிறையக் கொழுந்தும் நீண்ட காலமும் வேண்டும். விரைந்து பதம் பார்க்கும் வழியாகக் குளோரோபோம் சோதனை பயன்பட்டது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த சாண்டர்சன், செடிவகைகளின் புளிக்கும் இயல்பை அறிய இது எத்துணைத் தக்கது என்பதை 1963இல் ஆராய்ந்து எழுதினார்.

சோதனை எளியது. பறித்த கொழுந்தைச் சிறிது குளோரோபோம் இட்ட மூடிய கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவர். அதன் ஆவி இலையினுட் புகுந்து கலங்களின் மென்றகடுகளைச் சிதைக்கும். உருளை இயந்திரம் நசுக்கிச் செய்வதை ஆவி நசுக்காமற் செய்கின்றது. பல்பீனோலும் நொதியமும் கலக்க, நன்கு புளிக்கும் செடியின் இலை விரைவிற் செப்பு நிறம் கொள்ளும். புளியாத செடியின் இலை நெடுநேரம் பச்சையாகவே நிற்கும். ஏனையவை இடைநிலையில் அமையும். குறித்த நேரத்தில் தோன்றும் நிறத்தைக் கொண்டு செடிகளை வரிசைப்படுத்தலாம். குளோரோபோம் ஆவி உடலுக்குத் தீங்கானதாதலின், பயிற்சியுடையோர் காற்றோட்டமுள்ள இடத்திற் செய்தலே முறை. ஒப்பிடும் கொழுந்துகள் ஒரே முதிர்ச்சியினவாகவும் ஒரே பொழுதிற் பறித்தனவாகவும் இருத்தல் வேண்டும். முற்றிய இலையில் பல்பீனோல் குறைந்திருப்பதால் நல்ல செடியும் தீய செடியாகத் தோன்றக்கூடும்.

குளோரோபோம் கூறாதது

இலை விரைந்து சிவந்தது என்றால் அறியப்படுவது யாது? செம்பு மையங்கள் பலவாக இருத்தலும் காரணமாகலாம். மையங்கள் சிலவாயினும் கற்றெக்கின்கள் மிகுந்திருத்தலும் காரணமாகலாம். ஆவி எளிதிற் புகும் மெல்லிய இலையாயிருத்தலும் காரணமாகலாம். சோதனை இவற்றின் கூட்டு விளைவையே காட்டுகின்றது. மொத்த வேகத்தை மையங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்னும் உலோக ஊக்கிப் பாடம் இங்கும் பொருந்தும். நொதியத்தின் அளவை அறிய விரும்புவோர், இலையின் பல்பீனோலை நீக்கிவிட்டு, அளவறிந்த கற்றெக்கினை மிகுதியாகச் சேர்த்து, உட்கொள்ளப்படும் ஒட்சிசனை அளத்தல் வேண்டும். கற்றெக்கின்களின் அளவையும் வகையையும் வேறொரு முறையால் அறிதல் வேண்டும். விரைவு மட்டும் நன்மையாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சூடு மிகுந்து தாக்கம் கட்டின்றி விரைந்தால், ஒளி தரும் தியாபிளேவின் குறைந்து சாயம் மங்கும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று ஊவாவுக்கே உரியது. ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரிந்துவிட்டு, உலர்ந்த கச்சானாக ஊவா மலைகளின்மேல் வீசுகின்றது. யூலை முதல் செத்தெம்பர் வரையுள்ள அக்காலத்திற் கொழுந்து குறைந்து, மணம் மிகுகின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை பெயர் பெற்றது அம்மணத்தாலேயாம். அம்மணத்துக்குக் காரணமாகும் ஆவிப்பொருள்களுள் மெதைல் சலிசிலேற்று ஒன்று. குளிர்ச்சி தோய்ந்த அதன் வாசம் சுவைப்போர் ஊவாத் தேயிலையை இனங்காணும் அடையாளங்களுள் ஒன்றாகும். இலினலூலும் அதன் ஒட்சைட்டுகளும் மலர்மணம் தருகின்றன.

இப்பொருள்கள் பெரிதும் வேறு நொதியங்களால், வேறு மூலப்பொருள்களிலிருந்து தோன்றுபவை. செம்பு மையம் எத்துணை வலிதாயினும் அவை தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. குளோரோபோம் ஆவியில் முதலிற் சிவக்கும் செடி, கச்சான் வீசும் காலத்தில் மணமற்ற தேயிலையைத் தரலாம். இடைநிலையில் நின்ற செடி மணம் கமழலாம். நிறச்சோதனை ஒன்றையே நம்பித் தெரிந்திருந்தால், ஊவாவின் பெயரைக் காக்கும் செடிகள் தவறணை வாசலிலேயே கழிக்கப்பட்டிருக்கும்.

ஆதலின் அச்சோதனை பயனற்றது என்று கொள்ளுதல் கூடாது. நூறு தாய்ச்செடிகளுட் புளியாதவற்றைத் தொடக்கத்திலேயே கழித்து, காலத்தையும் கொழுந்தையும் மீதப்படுத்துவது அதன் தொழில். அதனை அது செவ்வனே செய்கின்றது. கழித்தபின் எஞ்சியவற்றைத் தெரிவு செய்வதற்கு வேறு வினாக்கள் வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையோடு நில்லாது ஊவாவுக்கெனப் பசறையிலும் ஒரு நிலையத்தைக் கொண்டமை இவ்வாறு நோக்குமிடத்துப் பொருளுடையது. ஒரு மண்ணில், ஒரு காற்றில் கிடைத்த விடை மற்றொரு மண்ணுக்கும் காற்றுக்கும் தானே பொருந்திவிடாது. இக்காலத்தில் நிறமாலைமானியாலும் நிறப்பகுப்பாலும் தியாபிளேவினை நேராக அளக்கின்றனர்; நொதியத்துக்குரிய பரம்பரையலகுகளையும் ஆராய்கின்றனர். கருவிகள் நுண்ணியன ஆயினும் நெறி பழையதே: ஒவ்வொரு கருவியும் ஒரு வினாவுக்கே விடை கூறும்.

செம்புத்தூளைச் சோதித்தவர்க்கும், ஊவாவிற் கொழுந்தைக் குழாயிலிட்டு நோக்கியவர்க்கும் பொதுவாய பண்பு ஒன்று உண்டு. இருவரும் காணாததைக் கண்டதாகக் கூறவில்லை. தாக்கம் கூறியதை அதன் எல்லைக்குள் நின்று கேட்டனர். சயனைட்டு "உலோகம் உண்டு" என்றது. ஒளியும் இருளும் "இரும்பன்று" என்றன. நீக்கிச் சேர்த்த செம்பு "யானே" என்றது. ஒன்றையொன்று தாங்கி நின்றமையாலேயே அச்சான்றுகள் உறுதி பெற்றன. பானைச் சோற்றின் பதத்தை ஒரு பருக்கை கூறும் என்பது உண்மை. உப்பை அறிய நாவில் வைத்துப் பார்க்கவும், மணத்தை அறியக் கச்சான் வீசும் வரை காத்திருக்கவும் வேண்டும் என்பதும் அவ்வளவு உண்மையே.